நீர்மட்டம்தான் வேலி

மோனோ ஏரிக்கரையில் வழிகாட்டியாகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லித்தந்தது, கரையிலுள்ள சுண்ணாம்புக் கோபுரத்தின் மேல் ஏறி நிற்பவரைக் கீழிருந்து அதட்டக் கூடாது என்பதுதான். அதட்டினால் திடுக்கிடுவார். திடுக்கிட்டவர் கைக்கு எட்டிய முண்டைப் பிடிப்பார், முண்டு கையோடு வந்துவிடும். அதனால் அருகே போய், அவர் கண்ணில் படும்படி நின்று, சாதாரணக் குரலில் "மேலேயிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். பேச்சுக் கொடுத்தபடியே, பக்கத்துப் பொந்தில் தகைவிலான் குருவி போய்வருவதைக் காட்ட வேண்டும். கூடு இருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் தாமாகவே இறங்கிவிடுவார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அவர் கால் தரையில் பட்ட பிறகு.

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடா மலைத்தொடர் சட்டென்று சரிந்து வறண்ட நிலமாகும் இடத்தில் இருக்கிறது மோனோ ஏரி. வயது குறைந்தது 7,60,000 ஆண்டுகள். மலையிலிருந்து ஓடைகள் வந்து சேர்கின்றன. வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீர் ஆவியாகப் போகும், அது கொண்டுவந்த உப்பும் சோடாவும் தங்கிவிடும். இப்படியே சேர்ந்து சேர்ந்து இன்று ஏரி நீர் கடலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் உப்பு. காரத்தன்மை எண் 10. கையை விட்டு எடுத்தால் சோப்பு நீரில் விட்டது போல வழவழக்கும்.

இந்தத் தண்ணீருக்கு அடியில், ஏரித்தரையைப் பிளந்துகொண்டு நன்னீர் ஊற்றுகள் வருகின்றன. ஊற்று நீரில் கால்சியம் இருக்கிறது, ஏரி நீரில் கார்பனேட் நிறைந்து கிடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கால்சியம் கார்பனேட் படிகிறது. ஊற்று வாயைச் சுற்றிப் படிந்து, ஊற்று நீர் மேலே ஏற ஏறத் தானும் ஏறி, நூற்றாண்டுகளில் கோபுரமாக நிற்கிறது. இதற்கு டூஃபா என்று பெயர். கரையில் நிற்பவற்றில் சில 30 அடி உயரம்கூட இருக்கும். தென்கரையில் நான் அழைத்துப் போகும் பாதையில் இருப்பவற்றின் வயதை 200 முதல் 900 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. ஒரு கண்ணாடிக் குப்பியில் ஏரித் தண்ணீர் எடுத்துக்கொள்வேன். தெளிவாக, லேசான மஞ்சள் சாயலோடு இருக்கும். இன்னொரு சிறு குப்பியில் கால்சியம் குளோரைடு கரைத்த நீர். இரண்டாவதை முதலாவதில் சொட்டுச் சொட்டாக விட்டால் விழுந்த இடத்திலேயே வெள்ளை நூல் போலத் திரண்டு இறங்கும். சற்று நேரத்தில் குப்பி முழுவதும் பாலாகிவிடும். வெயிலில் ஒரு நிமிடம் வைத்தால் அடியில் மாவு படியும். அந்த மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தபடி பக்கத்துக் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பவர்கள் அதற்குப் பிறகு அதில் கை வைப்பதில்லை.

பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் உறுதியான பாறையாகத்தான் தெரியும். கிட்டே போனால் பொந்தும் புழையும். விரல்நுனி அளவு முண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், நடுவே ஊற்று நீர் வந்துபோன துளைகள் தெரியும். சில இடங்களில் இரண்டு விரலால் கிள்ளினாலே உதிரும். கோபுரம் வளர்வது தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்தான். வெளியே வந்த அன்றே வளர்ச்சி நின்றுவிடும். பிறகு காற்றும் உறைபனியும் தேய்ப்பது ஒன்றுதான் நடக்கும்.

எனக்கு இந்த வேலையில் கையில் இருக்கும் சட்டம் சிறியது. கலிஃபோர்னியா ஒழுங்குவிதித் தொகுப்பில் 14ஆம் தலைப்பு, 4307ஆம் பிரிவு. மாநிலப் பூங்கா நிலத்தில் மண்ணையோ மணலையோ பாறையையோ அழிக்கவும் குலைக்கவும் சிதைக்கவும் எடுத்துப் போகவும் கூடாது என்கிறது அது. அபராதச் சீட்டு எழுதும் அதிகாரம் ரேஞ்சருக்கு உண்டு, என்னைப் போன்ற வழிகாட்டிக்குக் கிடையாது. பல மைல் கரைக்கு ரேஞ்சர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? விடியற்காலையில் முக்காலியோடு வரும் புகைப்படக்காரர்கள், கல்யாண உடையில் வரும் ஜோடிகள், பிங்க் ஃபிலாய்டின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டோடு வந்த படம் எடுத்த இடத்தைத் தேடி வருகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பிரிவு நிற்பது என் வாய்ப்பேச்சில்தான். கீழே விழுந்து கிடக்கும் துண்டுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். இதை ஏற்கவைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஒரு கோடையில் சன்னிவேலிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. கூடவே காரைக்குடிப் பக்கத்திலிருந்து மகனைப் பார்க்க வந்த ஆச்சி. நடக்கச் சிரமப்பட்டாலும் கைத்தடியோடு கடைசிவரை வந்தார். கோபுரத்தின் பக்கம் குனிந்து, தொடாமல் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல உள்பக்கம் பொருக்குப் படியுமே, அது மாதிரியில்ல இருக்கு?"

"அதேதான் ஆச்சி. அண்டாவுல படியறதும் இதுவும் ஒரே சுண்ணாம்பு."

"அங்க நாங்க புளி போட்டுத் தேய்ப்போம். இங்க தொடக்கூடாதுன்னு காவல் வச்சிருக்காக."

பேரன் அதற்குள் ஒரு துண்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, "கீழ கிடந்ததுதான் அக்கா, நான் ஒடைக்கல" என்றான். சொல்வது உண்மை என்று முகத்தில் தெரிந்தது. நான் விளக்கத் தொடங்குவதற்குள் ஆச்சி, "எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வைடா" என்றார். அவன் ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தான். பிறகு ஆச்சி என்னிடம் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "தண்ணிக்குள்ளதான் வளரும்னு சொல்றியே, இதெல்லாம் எப்படித் தரையில நிக்குது? தண்ணிய யாரு எடுத்தா?"

கல்லைப் பற்றிக் கேட்பவர்கள் ஏராளம். தண்ணீரைப் பற்றி யார் கேட்டாலும் நான் அன்றைய நடையை நீட்டித்துக்கொள்வேன்.

எடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரம். மோனோவுக்கு வரும் ஓடைகளில் லீ வைனிங், வாக்கர், பார்க்கர், ரஷ் ஆகிய நான்கையும் திருப்பிக்கொள்ள 1940இல் மாநில நீர் அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். ஏரி பாழாகும் என்று அங்கிருந்தவர்கள் முறையிடாமல் இல்லை. நகரத்தின் குடிநீர்த் தேவையே சட்டப்படி முதன்மையான பயன்பாடு, தாங்கள் தடுக்க வழியில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். எரிமலைக் குன்றுகளுக்கு அடியில் 11 மைல் சுரங்கம் குடைந்து 1941இல் தண்ணீரைத் தெற்கே அனுப்பத் தொடங்கினார்கள். அன்று ஏரியின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 6,417 அடி. 1970இல் இரண்டாவது கால்வாய் வந்ததும் இறக்கம் வேகமெடுத்தது. 1982இல் 6,372 அடி. 45 அடி இறங்கி, கொள்ளளவில் பாதி போய், உப்பு இரு மடங்கானது. இன்று எல்லோரும் படமெடுக்கும் கோபுரங்களில் மிகப் பெரும்பாலானவை 1941இல் தண்ணீருக்குள் இருந்தவை. நாம் பார்த்து வியக்கும் காட்சி அந்த இழப்பால் வெளியே வந்தது. இதைச் சொல்லாமல் ஒரு கோபுரத்தையும் நான் காட்டுவதில்லை.

கல் வெளியே தெரிந்ததும் கல்லைத் திருட ஆள் வந்தது. கோபுரங்களைக் காக்க மாநிலச் சட்டமன்றம் 1981இல் சட்டம் இயற்றியது, காப்பகம் உருவானது. 1941இன் கரையான 6,417 அடிக்குக் கீழே உள்ள அரசு ஏரித்தரை அதன் எல்லை. ஏரி பின்வாங்கி விட்டுச் சென்ற தரை முழுக்க எல்லைக்குள் வந்துவிட்டது. 1984இல் மத்திய நாடாளுமன்றம் சுற்றியுள்ள படுகையை வனத்துறையின் கீழ் இயற்கை எழில் பகுதியாக அறிவித்தது. அந்த வகையில் அமெரிக்காவில் அதுவே முதலாவது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு: லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நீருரிமை உட்பட எவருடைய நீருரிமைக்கும் பங்கம் வராதபடியே பாதுகாப்பு நடக்க வேண்டும். சட்டம் படித்தவள் என்ற முறையில் அந்த வரியை முதன்முறை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் வருகிறது. கல்லைத் தொடுகிறவனுக்குத் தண்டனை உண்டு. கல்லை உண்டாக்கும் தண்ணீரைக் கொண்டுபோகிறவனுக்கு அதே ஏட்டில் உத்தரவாதம்.

தண்ணீருக்கான சட்டம் வேறு வாசல் வழியாக வந்தது. 1976இல் மாணவர் குழு ஒன்று ஏரியின் உயிரினங்களை ஆராய்ந்தது. அந்த ஆய்வுக்குப் பிறகு, டேவிட் கெயின்ஸ் 1978இல் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார். படவில்லைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1979இல் தேசிய ஆடுபான் சங்கமும் இந்தக் குழுவும் மற்றவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டுதான் ஏரிக்குள் இருக்கும் நெகிட் தீவுக்கும் கரைக்கும் இடையே நிலம் வெளியே வந்து, கயோட்டி நரிகள் நடந்தே தீவுக்குப் போய்க் கடற்காகங்களின் கூடுகளைக் கலைத்தன.

வழக்கின் அடிப்படை மிகப் பழையது. ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் பொதுச் சொத்து, அரசன் அதன் உரிமையாளன் அல்ல, அறங்காவலன் என்ற ரோமானியர் காலக் கோட்பாடு. சிகாகோவின் ஏரித்தரையை ஒரு ரயில்வே நிறுவனத்துக்குத் தாரைவார்த்ததை 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது இந்தக் கோட்பாட்டின் பேரில்தான். ஆனால் அது படகு விடுவது, வாணிபம் செய்வது, மீன் பிடிப்பது ஆகியவற்றோடு நின்றிருந்தது. இயற்கையை அதன் இயல்பில் விட்டுவைப்பதும் பொதுப் பயன்தான் என்று 1971இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்தக் கதவைத்தான் மோனோவின் வழக்கறிஞர்கள் தட்டினார்கள்.

1983 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஆலன் ப்ரூஸ்ஸார்ட். நகரம் திருப்பிய ஓடைகளில் படகு ஓடாது. ஆனாலும் அவற்றைத் திருப்புவது படகு ஓடும் ஏரியைக் கெடுக்கிறதென்றால், அந்த ஓடைகளும் அறக்காவல் கடமைக்குள் வருகின்றன என்றது நீதிமன்றம். ஒருமுறை அனுமதி கொடுத்ததோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. எத்தனை ஆண்டு பழகிய நீருரிமையானாலும் அரசு திரும்பிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தண்ணீரை நிறுத்து என்று அந்தத் தீர்ப்பு ஆணையிடவில்லை, நகரத்தின் தாகத்தையும் அது ஒதுக்கிவிடவில்லை. 1940இல் யாரும் எடைபோடாத ஏரியைத் தராசின் மறுதட்டில் வைக்கச் சொன்னது. தீர்ப்பில் டூஃபா பற்றி இருப்பது சில வரிகள்தான். ஆனாலும் இங்கே நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் மெய்யான காவல் அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஏரியின் பெயரை நான் முதலில் கேட்டது சென்னையில், சட்டக்கல்லூரி வகுப்பில். எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார் பேராசிரியர். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதி, அதைக் காக்க ஆற்றின் போக்கையே திருப்பிய விவகாரம். 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, பொது அறக்காவல் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அதற்கு ஆதாரமாக மோனோ ஏரித் தீர்ப்பை விரிவாக எடுத்தாண்டிருந்தது. தேர்வுக்காகப் பெயரை மனப்பாடம் செய்தேன். ஏரி எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை. நம் ஊரில் ஓர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி வழக்கு நடக்கும்போதெல்லாம் அந்தக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அது இன்னொரு நாட்டில் ஒரு உப்பு ஏரிக்காக, இறாலும் ஈயும் மட்டும் வாழும் தண்ணீருக்காக நடந்த வாதத்திலும் வளர்ந்தது. கணவரின் வேலையால் இங்கே வந்து சேர்ந்து, முதன்முறை தென்கரையில் இறங்கி நடந்தபோது, பாடப்புத்தகத்து வழக்கின் பெயருக்கு வாசனையும் காற்றும் இருப்பதை உணர்ந்தேன். மறு கோடையில் வேலைக்கு விண்ணப்பித்தேன்.

தீர்ப்புக்குப் பிறகும் பதினொரு ஆண்டு இழுத்தது. ஓடைகளில் மீன் வாழும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று தனி வழக்குகள் வந்தன. ஏரி 6,377 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. கடைசியில் மாநில நீர்வள வாரியம் நீண்ட விசாரணை நடத்தி 1994 செப்டம்பர் 28 அன்று ஆணை 1631ஐ வெளியிட்டது. ஏரியை 6,392 அடிக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை நகரம் எடுக்கும் அளவு ஏரியின் மட்டத்தைப் பொறுத்தது. 6,377க்குக் கீழே போனால் ஒரு சொட்டும் எடுக்க முடியாது. 6,380 வரை ஆண்டுக்கு 4,500 ஏக்கர்-அடி, அதாவது 4,500 ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர். அதற்கு மேல் 16,000. நகரம் மேல்முறையீடு செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் மிகக் கடினமான கேள்வி இருக்கிறது. தண்ணீர் ஏறினால் கோபுரங்கள் என்னாகும்? அந்த விசாரணையில் இதுவும் எழுந்தது. ஏறும் நீர் அமைதியாக ஏறுவதில்லை. காற்று நாட்களில் அலை கோபுரத்தின் காலடி மணலை அரிக்கும். அடியில் பிடிமானம் போனதும் மேலே கனமான கோபுரம் சாயும். தென்கரையில் பயணிகள் நடக்கும் பரப்பில் ஒரு பகுதி மூழ்கும். மணல் டூஃபாவுக்கு இன்னும் மோசம்.

மணல் டூஃபாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேவி பீச் பக்கத்தில் இருக்கிறது. கரையோர மணலுக்குள்ளேயே ஊற்று நீரும் உப்பு நீரும் கலந்து, மணலைச் சுண்ணாம்பால் மெல்லிய குழல்களாகவும் தகடுகளாகவும் கட்டியிருக்கும். ஏரி இறங்கிய பிறகு காற்று தளர்ந்த மணலை மட்டும் ஊதிப் போக, கட்டிய மணல் நின்றுவிட்டது. முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பு உயரம். தூண்கள் பென்சில் கனத்தில் நெருங்கி நிற்கும், மேலே ஒரு தட்டை அவை தாங்கியிருக்கும். கைக்குட்டை பட்டாலும் உதிர்ந்துவிடுமோ என்று மூச்சடக்கிப் பார்ப்பேன். ஒருநாள் காலை போனபோது ஒரு கொத்து தரைமட்டமாகிக் கிடந்தது, சுற்றிலும் செருப்புத் தடம். யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒட்டவைக்க வழியில்லை. படமெடுத்து, அளந்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். அன்று முழுவதும் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

ஆணை நிறைவேறினால் அந்த அழகில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகும். எந்த மனித விரலையும் விட அலை அதை விரைவில் கரைக்கும். இதைக் காட்டி, கல்மேல் அக்கறை இருந்தால் ஏரியை இப்படியே வைத்திருங்கள் என்று சொல்கிறவர்களை இன்றும் பாதையில் சந்திக்கிறேன். நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள்தான், அதனால் நின்று பதில் சொல்கிறேன்.

வெளியே நிற்கும் கோபுரம் இனி வளராது. தண்ணீருக்குள் இருப்பது வளரும். கரையோர ஈ ஒன்று இந்த ஏரியில் உண்டு. உடலைச் சுற்றிக் காற்றுக் குமிழியைப் போர்த்திக்கொண்டு டூஃபாவின் மேல் நடந்தே தண்ணீருக்குள் இறங்கி முட்டையிடும். அதன் கூட்டுப்புழு மூழ்கிய டூஃபாவைப் பற்றிக்கொண்டு வளரும். அந்தப் புழுவைத்தான் குட்சாடிக்கா பழங்குடியினர் தலைமுறைகளாக உணவாகச் சேகரித்தார்கள். லட்சக்கணக்கில் வந்திறங்கும் பறவைகள் தின்பதும் இந்த ஈயையும் உப்பு இறாலையும்தான். கரையில் நிற்கும் கோபுரத்தில் அந்த ஈ முட்டையிட முடியாது. ஏரி இறங்கினால் உப்பு ஏறும், ஈயும் இறாலும் குறையும். காய்ந்த ஏரித்தரையிலிருந்து எழும் காரத்தூசி காற்றுத் தர வரம்பை மீறும். வாரியம் 6,392ஐத் தேர்ந்தபோது இந்தத் தூசியையும் தீவுப் பறவைகளையும் ஓடைகளையும் டூஃபாவையும் ஒன்றாக வைத்துத்தான் பார்த்தது. அந்த மட்டத்திலும் உயரமான கோபுரங்கள் பல வெளியே தெரியும். 1941இன் கரைக்குத் திரும்பினால்தான் ஏறத்தாழ எல்லாம் மூழ்கும். வாரியம் அவ்வளவு தூரம் போகவில்லை. மணல் டூஃபாவை இழப்பது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்த இழப்பை ஏற்கிறேன். அலையில் கரைவது ஏரியின் போக்கு. செருப்புக் காலில் நொறுங்குவதை அப்படிச் சொல்ல முடியாது.

2011இல் நிதிப் பற்றாக்குறை என்று மாநிலம் மூடத் திட்டமிட்ட 70 பூங்காக்களின் பட்டியலில் எங்கள் காப்பகமும் இருந்தது. மோனோவைப் பற்றி நீதிமன்றத்தில் எத்தனை வெற்றி பெற்றிருந்தாலும், கரையில் நிற்க ஆள் இல்லாவிட்டால் 4307 வெறும் எண்தான். பொதுமக்களும் தொண்டர்களும் விடாமல் முயன்று அதை மூடாமல் காத்தார்கள். மூத்த சக ஊழியர் ஒருவர் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, "ஏரிக்காவது வழக்கறிஞர்கள் இருந்தார்கள் அம்மா, சம்பளப் பட்டியலுக்கு யாரும் இல்லை" என்பார்.

2023இன் குளிர்காலத்தில் சியராவில் கொட்டிய பனி யாரும் எதிர்பாராதது. கோடைக்குள் ஏரி ஏறத்தாழ 5 அடி ஏறியது. முந்தைய ஆண்டு நான் கூட்டத்தை நிறுத்திக் குப்பி காட்டிய இடத்தில் முழங்கால் தண்ணீர். பாதையோரக் கம்பங்களைப் பிடுங்கிக் கயிற்றை மேலே நகர்த்திக் கட்டினோம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தரையில் நின்று பார்த்த ஒரு நடுத்தரக் கோபுரத்தைச் சுற்றி அலை விளையாடியது. சில வாரங்களில் அது மெல்லச் சாய்ந்து பக்கத்துக் கோபுரத்தின்மேல் தோள் வைத்து நின்றது. பார்க்க வந்தவர்களில் சிலர், முட்டுக் கொடுக்கலாமே, சிமென்ட் பூசலாமே என்றார்கள். செய்வதில்லை. விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். அடுத்த ஆண்டு அதன் நனைந்த பக்கத்தில் கரும்பட்டையாக ஈக்கள் மொய்த்திருந்தன.

6,392ஐ ஏரி இருபது ஆண்டுகளில் எட்டும் என்பது 1994இன் கணிப்பு. 2014க்குள் எட்டாவிட்டால் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறது. பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. 2023இன் பனிக்குப் பிறகும் ஏரி இலக்குக்கு எட்டு அடிக்கு மேல் கீழேதான் நிற்கிறது. வறட்சி ஆண்டுகள் வந்தால் ஏறியது இறங்கும், அதுவும் கண்ணால் கண்டதுதான். எடுக்கும் அளவை இன்னும் குறைக்காமல் இலக்கு எட்டாது என்று நான் நம்புகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் சிக்கனத்தாலும் மறுசுழற்சியாலும் மோனோ நீரை ஈடுகட்டிக் காட்டிய நகரம். மிச்சத்தையும் அதனால் செய்ய முடியும்.

மறு விசாரணை நடக்கும்போது பொதுமக்களுக்கும் பேச நேரம் தருவார்கள். பேரைப் பதிந்துகொண்டு போவேன். நான் காவல் காக்கும் கற்களில் முன்வரிசையில் நிற்பவற்றின் படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இவை மூழ்கும்படி தண்ணீர் விடுங்கள் என்று கேட்பேன். பாதையை மேலே தள்ளிப் போட எங்களுக்கு இரண்டு நாள் போதும். கம்பமும் கயிறும் கொட்டகையில் தயாராக இருக்கின்றன.